காகிதப் படுகளம்

உட்காருங்கக்கா, இப்ப எதுவும் எடுத்துட்டு வர வேண்டாம். பூங்கொடி உள்ளே இருக்காளா? இருக்கட்டும், கூப்பிடாதீங்க. முதல்ல நீங்க கேளுங்க, அப்புறம் நீங்களே பக்குவமா அவகிட்டச் சொல்லிக்கலாம். தரணி கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருக்கறப்ப சம்பந்தமில்லாம வந்து நிக்கிறாளேன்னு பயந்துக்காதீங்க. கல்யாணம் நிக்கலை. இது இணைச்சீர் விஷயம்.

மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவதான் இணைச்சீருக்கு நிக்கணும், அது உங்களுக்குத் தெரியாததில்லை. சேலையில ஒரு முனை இவன் கையில, மறுமுனை அவ தோள்ல. தரணிக்கு அக்கான்னு சுகந்தி இருந்தும், அவ நிக்க முடியாதுன்னுதானே நாம பெரியப்பா பொண்ணு பூங்கொடியைக் கேட்டோம். அவ புருசன் போய்ச் சேர்ந்து ரெண்டு வருசம்தான் ஆகுது, அந்தப் பிள்ளையைக் கொண்டாந்து சபையில நிறுத்த முடியுமா? நான் வர வேண்டாம்னு சொல்லலை. வா, சாப்பிடு, எல்லாரையும் பாருன்னுதான் சொன்னேன். அவளும் சரின்னா. அதுக்கப்புறம் மூணு மாசமா எனக்குப் போன் போட்டா 'சாப்ட்டியா'ன்னு ஒரு வார்த்தை, அதோட சரி. தம்பிகிட்ட அதுவும் இல்லை. அவ குணம் அப்படி. நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். விளக்குப் போட்டு முருகனைக் கும்பிடாம பச்சத்தண்ணி குடிக்கிறதில்லை நான். என் வாயில குறை வருமா?

எல்லாத்துக்கும் காரணம் அந்த விளையாட்டு. அதைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வருவாங்க, நாலு பேர். தரணியோட சேர்த்து எல்லாம் முப்பது தாண்டினதுங்க. கம்பெனியில பெரிய வேலை, பேசினா இங்கிலீஷு. வந்து என் சாப்பாட்டு மேசையைச் சுத்தி உட்காருவாங்க. நௌஷாத்னு ஒருத்தன், தாடி வெச்சவன், அவன்தான் கதை நடத்தறது. "இருட்டா ஒரு குகை, உள்ளே ஏதோ உறுமுது, என்ன பண்றீங்க?"ம்பான். என் பையன் "நான் வாளை உருவறேன்"ம்பான். கையில இருக்கிறது முறுக்கு. உடனே பகடை உருட்டுவாங்க. நம்ம தாயக்கட்டை மாதிரி இல்லை, இருபது பக்கம் அதுக்கு, கோலிக்குண்டுக்கு மூலை முளைச்ச மாதிரி. பெரிய நம்பர் விழுந்தா வாள் வெட்டிருச்சாம். சின்ன நம்பர்னா தவறிருச்சாம். இதுக்கு நாலு மணி நேரம். எந்திரிச்சுத் தண்ணி மோட்டார் போடச் சொன்னா, "இரும்மா, டிராகன் பக்கத்துல இருக்கேன்"ங்கறான்.

அதுல தரணியோட ஆளு பேரு வேங்கையன். ஒரு பேப்பர்ல எழுதி வெச்சிருக்கான், உயரம் எவ்வளவு, பலம் எவ்வளவு, எதுக்குப் பயப்படுவான்னு, ஜாதகம் கணிச்ச மாதிரி. நிஜ ஜாதகத்தைத் தூக்கிட்டு நான் ரெண்டு வருசம் அலைஞ்சேனே, அதை ஒரு நாள் விரிச்சுப் பார்த்திருப்பானா?

அந்த வேங்கையன் ஒருநாள் செத்துட்டான். நான் வடை எடுத்துட்டு வர்றேன், மேசையில ஒருத்தர் முகமும் சரியில்லை. மிருதுளான்னு ஒரு பொண்ணு வரும், அது கண்ணைத் துடைக்குது. கம்பெனியில யாருக்கோ என்னமோ ஆயிருச்சுன்னு நான் பதறிட்டேன். கேட்டா, பேப்பர்ல இருக்கிற ஆளாம். சரி, செத்தவன் செத்தான்னு இருந்தா, அடுத்த ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு உட்கார்ந்து சண்டை போட்டுட்டு இருக்கான். எப்படிடான்னேன். ஒரு பூசாரிக்கு ஐநூறு பொற்காசு குடுத்து எழுப்பிட்டாங்களாம். அந்தக் காசும் பேப்பர்லதான்.

இப்படி நாலு தரம் செத்தான். ரெண்டாவது தரம் உச்சுக் கொட்டினாங்க. மூணாவது தரம் அதுவும் இல்லை. நாலாவது தரம் அவன் செத்துக்கிட்டு இருக்கறப்ப மிருதுளா போனைப் பார்த்துட்டு இருந்தா.

எனக்கு வாய் சும்மா இருக்கலை. "பல்லுப் பிடுங்கிட்டு வந்தவன்கூட ரெண்டு நாள் கஞ்சி குடிப்பான்டா. உங்க ஆளு செத்துட்டு வந்த கையோட கறி வறுவல் கேக்கறான்"னேன்.

மத்ததுங்க சிரிச்சுதுங்க. நௌஷாத் சிரிக்கலை. "அதேதான் ஆன்ட்டி எங்க பிரச்சனை"ங்கறான். "அஞ்சு வருசமா வளர்த்த ஆளு, போகட்டும்னு விட மனசு வரலை. எழுப்பினா சப்புன்னு ஆயிருது. சாவுக்குக் கனமே இல்லாமப் போச்சு. என்ன பண்ணலாம்?" ஆபீஸ்ல மீட்டிங் நடத்தற மாதிரி நோட்டை விரிச்சுட்டுக் கேக்கறான். ஒரு விஷயத்துல மட்டும் அவன்மேல எனக்கு மரியாதை உண்டு, நோன்பு மாசத்துலயும் எச்சில் முழுங்காம உட்கார்ந்து நாலு மணி நேரம் பேசுவான். அந்த மரியாதைக்காகச் சொன்னேன். இல்லைன்னா இவனுங்ககிட்டப் போய் நம்ம சாமியைப் பத்திச் சொல்லுவேனா?

சாவுன்னா என்னன்னு எங்க கோயில் திருவிழாவுல படுகளம் நடக்கறப்ப வந்து பாருங்கடான்னேன். பறை அடிக்க அடிக்க ஆம்பளைங்க சரிஞ்சு விழுவாங்க. விழுந்தா கட்டைதான். வெள்ளை வேட்டியைப் போட்டு மூடிருவாங்க. ஈ மொய்ச்சாலும் கண்ணு அசையாது. பெத்தவளும் கட்டினவளும் கயித்துக்கு இந்தப் பக்கம் நிக்கணும், தொடக்கூடாது. எந்த வீட்டுலயும் அடுப்பு எரியாது. காசு குடுத்து எழுப்பறதுன்னா பத்து நிமிசத்துல வேலை முடிஞ்சிருமே. எதுக்கு அத்தனை சனம் வயித்தைக் காயப்போட்டுட்டு நிக்குது? கூடப் பிறந்தவ வரணும். தலைமுடியை விரிச்சுப் போட்டுட்டு, சொம்புல தண்ணியோட வந்து, ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிடணும். அப்பத்தான் எந்திரிப்பான்.

உங்க கொழுந்தனார், தரணியோட அப்பா, அஞ்சு வருசம் படுகளத்துல விழுந்தாரே, ஞாபகம் இருக்கா? உள்ள எப்படிங்க இருக்கும்னு ஒரு தரம் கேட்டேன். எல்லாம் காதுல விழுகும், கூப்பிடற வரைக்கும் எந்திரிக்கணும்னே தோணாதுன்னாரு. ஆசுபத்திரியில கடைசியில நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். சரி, அதை விடுங்க.

நௌஷாத் எல்லாத்தையும் எழுதறான். எழுதிட்டு ஒவ்வொண்ணாக் கேக்கறான். யாரு வேணா கூப்பிடலாமா? கூடப் பிறந்தவதான்னேன். சித்தப்பா பெரியப்பா பொண்ணு கூப்பிட்டா ஆகாதா? "அதெப்படி, அக்காவை எரவல் வாங்குவாங்களா யாராச்சும்"னேன். உங்க முகம் ஏங்கக்கா அப்படிப் போகுது? நான் விளையாட்டைப் பத்திச் சொல்லிட்டு இருக்கேன்.

அப்புறம் கேட்டான், அந்தக் கூடப் பிறந்தவங்க சுமங்கலியா இருக்கணுமான்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இங்கிலீஷ் படிச்சு என்ன பிரயோசனம்? "பிணம் விழுந்த களத்துக்குப் பூவும் பொட்டுமா வருவாளா? இழந்தவளுக்குத்தான்டா கூப்பிடத் தெரியும்"னேன். அப்ப தரணி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். டீ கேக்கறான்னு நினைச்சு உள்ளே போய் வெச்சேன்.

அதுக்கு அடுத்த வாரம் வேங்கையன் மறுபடி செத்தான். இந்தத் தரம் பொற்காசு இல்லை, பூசாரி இல்லை. பேப்பரை மேசை நடுவுல வெச்சு மேல ஒரு வெள்ளைக் கைக்குட்டை. தரணி அதுக்கு எதிர்ல உட்கார்ந்துட்டான், பேச்சு இல்லை, சாப்பாடு இல்லை. விதியாம். செத்தவன் மேசையில பேசக்கூடாதாம். வடை நீட்டினா தலையை ஆட்டறான். "பேப்பருக்குச் சாவு, உன் வயித்துக்கு என்னடா கேடு"ன்னேன். வாயே திறக்கலை. முப்பத்திரெண்டு வயசு, அடுத்த மாசம் மாலை போடப்போற மாப்பிள்ளை, கைக்குட்டைக்குக் காவல் உட்கார்ந்திருக்கான். பொண்ணு வீட்டுக்காரங்க யாராவது அன்னைக்கு வந்திருந்தா, காங்கேயம் போற வரைக்கும் சிரிச்சிருப்பாங்க.

மூணு ஞாயித்துக்கிழமை இப்படியே. மத்ததுங்க மட்டும் விளையாடுதுங்க, அதுவும் மெதுவா. கதையில மிருதுளா அவன் உடம்பைத் தோள்ல தூக்கிட்டு மலை ஏறினாளாம். "இறக்கி வெச்சுட்டுப் போனா வேகமாப் போகலாம்"னு நௌஷாத் சொல்றான், அவ மாட்டேங்கறா. வழக்கமா அவன் நடக்கிற இடத்தைக் காலியா விட்டுத்தான் மத்தவங்க நடக்கிறாங்களாம். ஒரு பேச்சுக்கும் இன்னொரு பேச்சுக்கும் நடுவுல அத்தனை நேரம் சத்தமே இருக்காது. அந்த மூணு வாரமும் நான் சாயங்காலம் மிக்ஸி போடலை. அவங்களுக்காக இல்லைங்கக்கா, அரைக்கறதுக்கு ஒண்ணும் இல்லை.

நடுவுல ஒரு புதன்கிழமை மேசை துடைக்கறப்ப அந்தக் கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அப்படி என்னதான் எழுதியிருக்கான்னு பார்க்கத்தான். கடைசி வரியில, 'கூடப் பிறந்தவள் ஒருத்தி. அவளை வாசலில் நிற்க வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வந்தவன்'னு இருந்தது. மத்ததெல்லாம் பழசு, இந்த ஒரு வரி புது மை. என்ன கதையோ என்ன எழவோன்னு மூடி வெச்சுட்டேன்.

போன ஞாயித்துக்கிழமை சுகந்தி வந்து நிக்கறா.

சொல்லலை, கொள்ளலை. ஈரோட்டுலருந்து பஸ் ஏறி வந்திருக்கா. நெத்தி வெறும் நெத்தி. சாயம் போன ஒரு காட்டன் சேலை. தரணிதான் ஆள் விட்டிருக்கான், அதுவும் அவனாக் கூப்பிடலை, நௌஷாத்தை விட்டுப் பேசச் சொல்லியிருக்கான். செத்தவன் பேசக்கூடாதில்ல! பள்ளிக்கூடத்துல நாற்பது பிள்ளைங்களை மேய்க்கிற டீச்சர், இவனுங்க கூப்பிட்டா வர்றா. என்னைப் பார்த்துத் தலையை அசைச்சுட்டு நேரா மேசைகிட்டப் போயிட்டா. நான் சமையக்கட்டு வாசப்படியில நின்னேன். வேடிக்கை பார்க்கத்தான்.

எல்லாம் எந்திரிச்சு நின்னுதுங்க, தரணி மட்டும் உட்கார்ந்திருக்கான். நௌஷாத் குரலை மாத்திட்டான்.

"களத்துக்கு வந்தது யாரு?"

"இவன் அக்கா."

"என்ன கொண்டு வந்தீங்க?"

"ஒண்ணும் கொண்டுவரலை. கூப்பிட்டாங்க, வந்தேன்."

அவ கையில பகடையைக் குடுத்தான். பதினஞ்சுக்கு மேல விழணுமாம். ஒரே ஒரு தரம்தான், மாத்தி உருட்டறது கிடையாதாம். அவ கைக்குட்டையைப் பார்த்து, "வேங்கையா, எந்திரி"ன்னு சொல்லி உருட்டினா. கிளாஸ்ல அட்டெண்டென்ஸ் எடுக்கிற மாதிரிதான் சொன்னா. அது உருண்டு போய்த் தட்டோரம் நின்னுது.

மூணு.

நௌஷாத் மெதுவா நோட்டை மூடிட்டான். சுகந்தி சிரிச்சா. "நான் கூப்பிட்டு யாரு எந்திரிச்சா? என் ராசி அப்படி. விடுங்கப்பா"ன்னு பையை எடுத்துத் தோள்ல மாட்டினா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். அவ சொன்னதுக்கு இல்லை, அந்த நௌஷாத் நோட்டை மூடினதுக்கு. வெயில்ல ரெண்டு மணி நேரம் பஸ்ல வந்த பிள்ளை, ஒரு நம்பர் குறைஞ்சா அனுப்பி வெச்சிருவாங்களா? அரைகுறையாக் கேட்டுட்டு அரைகுறையாச் செஞ்சா இப்படித்தான் ஆகும். நேரா மேசைகிட்டப் போனேன்.

"இப்படியாடா மூடுவீங்க? எந்திரிக்கலைன்னா எங்க ஊர்ல வீட்டுக்குப் போயிர மாட்டாங்க. பூசாரி சனத்துப் பக்கம் திரும்பி நின்னு கேப்பாரு, கூப்பிட வந்தவ மனசை நோகடிச்சது யாருன்னு. நோகடிச்சவங்க முன்னாடி வந்து அவ கையில தண்ணி ஊத்தணும். அந்தத் தண்ணியை வெச்சுத்தான் மறுபடி கூப்பிடுவா. அதைக் கேளுங்கடா முதல்ல"ன்னேன்.

நாலு பேரும் மேசையையே பார்க்கறாங்க. மிருதுளா முறுக்குத் தூளை விரல்ல ஒத்தி ஒத்தி எடுக்கறா. என்னடா இது, கேக்கத்தானே சொன்னேன்னு நான் ஒவ்வொருத்தர் முகமாப் பார்க்கறேன். அப்பத்தான் தரணி வாயைத் திறந்தான். மூணு வாரம் கழிச்சு அந்த மேசையில அவன் பேசின முதல் பேச்சு.

"நாலு வாரமா அதைத்தான்மா கேட்டுட்டு இருக்கோம்."

நான் உள்ளே போயிட்டேன். பால் வெச்சிருந்தேன், பொங்கியிருக்கும்னு போனேன். அடுப்புப் பத்த வைக்கவே இல்லை. கொஞ்ச நேரம் சாமி மாடத்துக்கிட்ட நின்னேன். முருகா, என்னை எதுக்கு இந்தப் பைத்தியக்காரக் கூட்டத்துல கொண்டாந்து விட்டேன்னு கேட்டேன். அவர் எனக்கு என்னைக்கு உடனே பதில் சொல்லியிருக்காரு? அப்புறம் ஒரு சொம்புத் தண்ணி எடுத்துட்டு வந்தேன். வெயில்ல வந்த பிள்ளைக்குத் தண்ணி குடுக்கிறது ஒரு பெரிய விஷயமா? சொம்பு எதுக்குன்னா, டம்ளர் எல்லாம் கழுவாமக் கிடந்தது.

அவ டம்ளரை எதிர்பார்க்கலை. ரெண்டு கையையும் குவிச்சு நீட்டினா. சின்னப் பிள்ளையில கொழம்பு வெச்ச கையோட நான் தண்ணி ஊத்தறப்ப அப்படித்தான் நீட்டுவா. நான் ஊத்தினேன். பாதி தரையில போச்சு. சொம்புக்கு வாய் அகலமில்ல. அவ என் முகத்தையே பார்த்துட்டு இருந்தா. நான் சொம்பைப் பார்த்துட்டு இருந்தேன்.

அவ அதைக் குடிக்கலைங்கக்கா. கைக்குட்டையை எடுத்துட்டு அந்தப் பேப்பர் மேல தெளிச்சா. மையெல்லாம் ஊறிப்போச்சு, வேங்கையன் பேரு நீலமா ஓடுது. "எந்திரிடா தரணி. போதும்"னா.

வேங்கையான்னு சொல்லலை. தரணின்னா.

அவன் நாற்காலியை விட்டு எந்திரிச்சான். அப்படியே அவ தோள்ல சாஞ்சுட்டான். எருமை மாதிரி வளர்ந்தவன், அவ இத்தனூண்டு, எப்படித்தான் தாங்கினாளோ.

அவனுங்க விதியைப் பாருங்க, அதுக்கப்புறம் யாரும் பகடையைத் தொடலை. "ஏன்டா, நம்பர் பார்க்க வேண்டாமா?"ன்னு நான் நௌஷாத்கிட்டக் கேட்டேன். "இதுக்குப் பகடை இல்லை ஆன்ட்டி"ங்கறான். அவங்களே போடறது, அவங்களே எடுக்கறது. அந்த லட்சணத்துல ஒரு விளையாட்டு. அதோட விடலை. எந்திரிச்ச வேங்கையனுக்குப் பாதி பலம்தானாம், இனிமே வாளைத் தூக்க ரெண்டு கையும் வேணுமாம். நல்லா வேணும். சும்மாவா செத்துப் பிழைக்கிறது?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இருந்துட்டுப் போன்னேன். இருந்தா. சாப்பிடறப்ப தரணி சொல்லிட்டான், இணைச்சீருக்கு அக்காதான் நிக்கும், இல்லைன்னா இணைச்சீரே வேண்டாம்னு. காங்கேயத்துல பொண்ணு வீட்டுலயும் பேசிட்டானாம், அந்தப் பொண்ணுதான் முதல்ல கேட்டுச்சாம், உங்க அக்கா ஏன் நிக்கலைன்னு. சுகந்தி தலையைத் தூக்கலை. "நீ சொன்னா ஆச்சா? அம்மா கூப்பிடட்டும்"னா.

கூப்பிட்டேன். ரசம் ஊத்திட்டே கூப்பிட்டேன். "வந்து நில்லு கண்ணு"ன்னேன்.

அதனால பூங்கொடிக்கு எடுத்த சேலை பூங்கொடிக்கே இருக்கட்டும்கக்கா, அவ கட்டிட்டு வரட்டும். அவமேல ஒரு குறையும் இல்லை. எல்லாம் அந்த விளையாட்டுப் பண்ணின வேலை, என்கிட்ட என்ன இருக்கு?

இல்லை, வேண்டாம். நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குத் தெரியும். அதை மட்டும் சொல்லிராதீங்க. மூணு மாசம் முன்னாடி என் வாயாலேயே அவகிட்டச் சொன்னேன், "நீ கொஞ்சம் பின்னாடி நின்னுக்க சாமி"ன்னு. பதமாத்தான் சொன்னேன், தலையைத் தடவிட்டே சொன்னேன். அந்தச் சொல்லு எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு இந்த நாலு நாளா யோசிச்சுட்டு இருக்கேன். உங்க கொழுந்தனார் காரியம் முடிஞ்சு முதல் விசேஷம், இதே வீட்டுல. நீங்க என் தலையைத் தடவிட்டுத்தான் சொன்னீங்க. நீங்களும் பதமாத்தான் சொன்னீங்க, உங்களை நான் குத்தம் சொல்லலை. எட்டு வருசமா எல்லா மண்டபத்துலயும் நான் பின்னாடிதான் நின்னுட்டு இருக்கேன்.

அங்கிருந்து எப்படி இருக்கும்னு யாரும் என்னைக் கேட்டதில்லை. மேளம் நல்லாக் கேக்கும்கக்கா. தாலி கட்டறது மட்டும் தெரியாது.